பத்து ரூபாய், 1970

விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.
விரல் பட்ட இடத்தை வெள்ளி மறக்காது.
தங்கச்சிமடத்துக் காற்றுக்கு
இரும்புக் கதவையே இரண்டு வருடத்தில்
அப்பளமாக்கத் தெரியும்.
ஆகையால் செருப்புப் பெட்டிக்குள் வரும்
தின்னாதே என்றெழுதிய மணிப் பொட்டலங்களைத்
தெருத்தெருவாய்க் கேட்டு வாங்கி
என் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவனுக்கு
இதெல்லாம் எதற்கு என்பார்கள்.
பதில் இருந்ததில்லை.
ராமநாதபுரத்து வெள்ளிக் கடையில்
அறுந்த கொலுசுகளோடு தராசில் கிடந்தது,
உருக்குச் சட்டிக்குப் போகும் வழியில்.
மறித்தேன்,
அவ்வளவுதான்.

பதினைந்து கிராம். நூற்றுக்கு எண்பது வெள்ளி.
ஒரு பக்கம் சிங்கங்கள்.
மறுபக்கம் தாமரை, அதற்கு மேலே சூரியன்,
ஓரத்தில் இந்தியிலும் இங்கிலீஷிலும்
எல்லோருக்கும் உணவு.

எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்!
டீசல் பங்க் ராயப்பனுக்கு,
மீட்டர் பார்க்க வந்த பையனுக்கு,
கேட்காதவர்களுக்கும்.
'அச்சடித்த நாளிலிருந்து
ஒரு பருக்கைகூட வாங்காத பத்து ரூபாய்,
அதனால்தான் இதற்கு மதிப்பு' என்பேன்.
ரீத்தம்மாளிடமும் சொன்னேன்.
அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

தடைக்காலத்தில் நாற்பதாவது நாள்.
படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம்,
ஐஸ் வேண்டாமென்றால் எனக்குப் பாதிச் சம்பளம்,
அந்தப் பாதியும் வட்டிக்காரனோடு போய்விட்டது.
அன்றிரவு நாலு தோசை.
இரண்டை நான்தான் தின்றேன்.
சட்னி நன்றாயிருக்கிறது என்றும் சொன்னேன்.

டப்பாவைத் திறந்தது மறுநாள் மத்தியானம்.

"என்ன எழுதியிருக்குன்னு நீதானே
ஊருக்கெல்லாம் வாசிச்சே.
எழுதினபடி செஞ்சேன்."

குரலில் கோபம் இருந்திருந்தால்
சண்டை போட்டிருப்பேன்.
அவள் மாவுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நைனா முகம்மது கல்லாவைக் கவிழ்த்தே காட்டினான்.
"பத்துன்னு போட்டிருந்துச்சு,
பத்து ரூவாய்க்கு மாவு கொடுத்தேன், தப்பா?"
காலையில் ஒரு வேன் நின்றதாம்.
வடக்கத்தி அம்மா ஒருத்தி
கடலில் போட நல்ல காசாகக் கேட்டாளாம்.
போகையில் அக்னி தீர்த்தம்,
திரும்புகையில் பாம்பன் பாலம்.
எதில் போட்டாளோ.

அக்னி தீர்த்தத்தில் நம்புராஜனும் கூட்டாளிகளும்
உடைந்த மைக்செட்டில் கழற்றிய காந்தத்தைக்
கயிற்றில் கட்டி மணலில் இழுக்கிறார்கள்.
ஒன்றும் இரண்டுமாய் ஒட்டி வருகின்றன,
ஒரு ஊக்கு, ஒரு சாவி,
யாருடைய எந்தப் பூட்டுக்கோ.
விவரம் சொன்னேன்.
சிரித்தான்.
"வெள்ளி ஒட்டாதுண்ணே."
தெரியும் என்றேன்.
"பெறகு?"
இடுப்பளவு தண்ணீரில் நின்று
காலால் துழாவினேன்.
பக்கத்தில் முழுகியவர்
எந்தப் பாவமோ என்று நகர்ந்து இடம் விட்டார்.

என்ன ஆகும் என்று எனக்கு மனப்பாடம்.
முதலில் கறுக்கும்.
பிறகு சாம்பல் நிறத்தில் தோல் கட்டும்.
மணல் தேய்க்கையில்
மேடானதுதான் முதலில் போகும்,
சூரியனும் தாமரை இதழும்.
ஓரத்து எழுத்து கொஞ்சம் தாங்கும்.
சேகரிப்பவன் எவனும் வாங்க மாட்டான் அதை,
நானே வாங்க மாட்டேன்.

ரீத்தம்மாளிடம் இன்னொன்று கேட்கவேயில்லை.
நாலில் இரண்டு எனக்கு,
இரண்டு பையனுக்கு.
கணக்கு எனக்கு இப்போதுதான் வருகிறது.

இன்று நள்ளிரவு தடை முடிகிறது.
துறை முழுக்க டீசல் வாடை.
டப்பாவை மூடிவிட்டு
கம்ப்ரசரைத் தட்டி எழுப்பக் கிளம்புகிறேன்.
முன்னூறு பார் ஐஸ்,
விடிவதற்குள்.