இரண்டு உப்புச் சாடி

முதல் தடவை விழுந்தது கேக் கடைக் கல்லாவில்.
குனிந்து கீழ்த்தட்டில் ரொட்டி எடுத்து
நிமிர்ந்தேன்.
கடை என்னோடு நிமிரவில்லை.

"பிரஷர்தான்" என்றாள் பக்கத்துக் கல்லா பூங்காவனம்.
எங்கள் ஃபீனிக்ஸில் பிரஷருக்கு ஒரே திசைதான்,
மேலே.
தவனேசனுக்கு இருக்கிறது. அவர் அண்ணனுக்கு இருக்கிறது.
எங்கள் கறியில் உப்பு நின்று ஏழு வருஷம்.
ஆகவே அவருடைய மாத்திரையைப் பாதியாய் உடைத்து
நானும் விழுங்கினேன்,
சொல்லாமல், ஒன்பது நாள்.

பத்தாம் நாள் டாக்ஸி வரிசையில்.
கண் திறந்தபோது என் கால்கள்
யாருடைய முட்டைக்கோஸ் மூட்டைமேலோ இருந்தன.
தூக்கி வைத்த ஜூலு அம்மாள்
நசுங்கின காயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கிளினிக்கில் சிஸ்டர் நொம்வூலா
படுக்கவைத்துப் பார்த்தாள்: நூற்றுப் பதினாறு.
நிற்கவைத்து, கடிகாரம் பார்த்து, மறுபடி:
எண்பத்தெட்டு.
"என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?"
கையில் சுற்றிய பட்டையை அவள் அவிழ்க்கவேயில்லை.
சொல்லிவிட்டேன்.

"மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாளில்
குழாயைத் திறந்தால் என்ன வரும்?"
காற்று, என்றேன். எங்களுக்கா தெரியாது?
"எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும்.
நாளங்கள் இறுகி மேலே தள்ளவேண்டும்.
உன்னுடையவை கொஞ்சம் சோம்பேறி.
அதன்மேல் நீ, அவற்றைத் தளர்த்தும் மாத்திரை!"

ரத்தம் எடுத்தார்கள். சோகை இல்லை, சர்க்கரை இல்லை.
தண்ணீர் குடி. கல்லாவில் நிற்கையில்
குதிகாலை ஏற்றி இறக்கு. கண் இருட்டினால்
வெட்கப்படாமல் தரையில் உட்கார்.
"உப்பும் கொஞ்சம். இது உனக்கு மட்டும் சொன்னது."

இப்போது மேசையில் இரண்டு சாடி.
சிவப்பு நூல் கட்டியது என்னுடையது.
தவனேசன் அதைப் பார்க்கும் பார்வை
பக்கத்து வீட்டுப் புதுக் காரைப் பார்ப்பதுபோல.

விடியற்காலை நாலு நாற்பது.
கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு
ஒரு தம்ளர் தண்ணீர், இரண்டு நிமிஷம்.
அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே
அவர் விழித்துக்கொள்கிறார்.
கனவைச் சொல்வார்; எப்போதும் மீன்கனவு.
இன்று தூண்டிலில் மாட்டின ஷாட் மீன் பேசிற்றாம்.
என்ன பேசிற்று என்பதற்குள்
எழுந்துவிட்டேன். சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் டப்பாவில் நாலரை மாத்திரை குறைகிறது.
இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.
எண்ணியும் இருக்கலாம்.