ஒன்பதாம் தொகுதி

பதிவேட்டின் முதல் பக்கத்தில் எப்போதோ பனி உருகிச் சொட்டியிருக்கிறது.
1934: வென்றவர் பெயர் கரைந்துவிட்டது.
வாக்கு மட்டும் மிச்சம், 611.

அடுத்த பதின்மூன்று தேர்தலிலும்
அர்மான் வியோலெட், அர்மான் வியோலெட்.
எதிர்த்தவர் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு.
மெய்னின் வடகோடியில்
உருளைக்கிழங்குக் கிடங்கு அவருடையது,
கடன் சீட்டுகளும்.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் கிடங்கு எரிந்தது.
நவம்பரில் அவர் தோற்றார்.
ஓரத்தில் எழுத்தர் ஒடில் மிஷோ
பென்சிலால் என்னவோ எழுதி
அழித்திருக்கிறாள்.
அழித்தது தெரிகிறது.

எழுபத்தெட்டில் சமம்:
1,204க்கு 1,204.
காப்பித் தகரத்தில் இரண்டு சீட்டு.
கண்ணைக் கட்டிக்கொண்டு ஷெரீப் கைவிட,
நம் குடவோலைதான், குடம் மட்டும் வேறு.
தோற்ற லூசியன் தார்தீஃப்
தகரத்தைக் கேட்டு வாங்கிப்போய்
ஆணி போட்டு வைத்தான்.

பிறகு கோடுகள் நகர்ந்தன.
ஆற்றின் அக்கரையை ஒருமுறை வெட்டினார்கள்,
மரமில் தெருவை இன்னொரு முறை.
மில் மூடி, ஆட்களும் தெற்கே போக,
கடைசியில் எண்ணும் போயிற்று.
இன்று ஒன்பதாம் தொகுதி
கடலோரத்தில், படகுத்துறைகளுக்கு நடுவே
யாருடையதாகவோ இருக்கிறது.
நாங்கள் இரண்டாம் தொகுதி.
பழகவில்லை.

ஒடிலின் நாற்காலியில் இப்போது நான்.
ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே ஒரு சீட்டில்
அச்சடித்த பெயர்களுக்குக் கீழே
சாய்ந்த கையெழுத்தில்
லூசியன் தார்தீஃப்.
அவன் செத்துப் பத்தொன்பது வருஷம்.

செல்லாது.
எண்ணித் தனியே வைக்கிறேன்.