மூன்றாவது சேனல்

வாலாஜாவில் ஒரு கல்யாண மண்டபம்.
மணமக்கள் பெயர் எழுதும் பலகையில் இன்று
கருத்துக் கேட்புக் கூட்டம், காலை பதினோரு மணி.
ஆலைக்கு இன்னொரு கொட்டகை வேண்டுமாம்.

பன்னிரண்டு சேனல் மிக்சர். மூன்றே போதும்.
ஒன்று அதிகாரிக்கு. இரண்டு ஆலைக்காரருக்கு.
மூன்று, கீழே வரிசையில் நிற்பவர்களுக்கு.
வெள்ளை டேப் ஒட்டி எழுதினேன்: பொது.
அடியில் போன வாரத்து நாதஸ்வரம்
அரைகுறையாகத் தெரிந்தது.

அதிகாரிக்கு கெய்ன் கூட்டத் தேவையில்லை.
மைக்கைத் தின்பதுபோல் பேசிப் பழகியவர்.
சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கும்போதெல்லாம்
ஒரு நூல் குறைத்தேன்.
ஆலைக்காரர் குரலில் மூக்கு அதிகம்.
நடுக் குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால்
நல்லவர் மாதிரி கேட்கிறார்.
யாருக்குச் செய்கிறோம் என்று யோசித்தால்
வாடகை வராது.

மூன்றாவதுதான் தொல்லை.
கை மாறிக் கை மாறி வரும் மைக்.
ஒருத்தர் முழ நீளம் தள்ளிப் பிடிப்பார்,
ஒருத்தர் தாடையில் முட்டுவார்.
தேய்ப்பு, இருமல், "இது கேக்குதா?"
எல்லாவற்றுக்கும் அடியில் பைபாஸ் லாரிகளின் உறுமல்.
லோ கட் பொத்தானை அமுக்கினேன்.
லாரி போயிற்று. கூடவே
பேசிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் கோபத்தில் பாதியும்.
பொத்தானை எடுத்துவிட்டேன்.
லாரியோடே பேசட்டும்.

அப்புறம் தேசம்மாள் வந்தாள்.
கையில் பழைய குளிர்பான பாட்டில்,
உள்ளே வெளிறிய டீ நிறத்தில் கிணற்றுத் தண்ணீர்.
மைக்கை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று
யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது அவளுக்கு.
பச்சை விளக்குகள் நான்கு எரிந்து அங்கேயே நின்றன.
நான் தொடவேண்டியது எதுவும் இல்லை.

"ஏழு ஆடு செத்துப்போச்சு சார்.
பட்டியல் கீது. படிக்கட்டா?"
படித்தாள். எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருந்தாள்.
செவலை. கரும்பொறி. வெள்ளிக்கிழமை பொறந்தது.
நாலாவது பேர் வரும்போது
மேடையிலிருந்து ஒரு கை எழுந்தது,
உள்ளங்கை கீழ்நோக்கி,
குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல்.
குறை.

இருபது வருஷமாக அந்தக் கைக்குக் கட்டுப்பட்டவன் நான்.
குறைத்தேன்.
ஃபேடர் வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது.
மின்விசிறிகளின் இரைச்சலில்
அவள் வாய் மட்டும் அசைந்தது.

வெளியே,
இடம் போதாமல் சாலையோரம் நிற்பவர்களுக்காக
வேப்பமரத்தில் இரண்டு குழாய் கட்டியிருக்கிறேன்.
அவற்றுக்குப் போகும் நீலக் குமிழ்
ஃபேடரிடம் அனுமதி கேட்பதில்லை.
குரல் கீழே இறங்குமுன்பே
பக்கவாட்டில் கிளம்பிப் போய்விடும்.
மியூட் அமுக்கினால் இரண்டும் சேர்ந்து சாகும்.
அவர் மியூட் கேட்கவில்லையே.
குறை என்றார்.
நான் சொன்னதைச் செய்பவன்.

ஐந்தாவது ஆடு வேப்பமரத்திலிருந்து கேட்டது.
ஆறாவதின் பேர் ஊமச்சி.
அதற்கு ஆற்காடு பஸ் ஒன்று வேகம் குறைத்து நின்றது.
ஜன்னலோரத் தலைகள் மரத்தைப் பார்த்தன.

தேசம்மாள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.
தட்டிய சத்தம் சாலையிலிருந்து திரும்பி வந்தது.
கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தாள்.
பிறகு மேடைக்கு முதுகைக் காட்டி நின்று
பட்டியலை முதலிலிருந்து தொடங்கினாள்.

மேடையில் நிம்மதியாக டீ குடித்தார்கள்.
கூட்டக் குறிப்பில் என்ன எழுதினார்களோ, தெரியாது.

குழாய்களை இறக்கிக்கொண்டே இம்தியாஸ் கேட்டான்:
"இன்னாண்ணே, வெளிய குறைக்க மறந்துட்டியா?"
"ஆமாண்டா. வயர சுத்து."
கவரில் ஐநூறு குறைவாக இருந்தது.
இரண்டு தடவை எண்ணிவிட்டுப் பையில் வைத்தேன்.

நாளை காவேரிப்பாக்கத்தில் காதுகுத்து.
மூன்றாவதில் தவில்.
பொது என்ற டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
ஒரு ஓரம் மட்டும் வந்தது.