கட்டம் இருபத்து நான்கு

பதினான்கு வருடம் குளிர்பெட்டியின் மேல்
ஓட்ஸ் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது அந்தத் தாள்.
மகனுக்குக்கூடக் காட்டியதில்லை.
கட்டம் இருபத்து நான்கு, சேவையின் தன்மை:
மரியாதைக்குரியதல்லாத பிற.
அவமரியாதை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.
பிற.
மளிகைச் சீட்டின் கடைசி வரிபோல,
பிற.

பதினைந்து முடிந்தால் இந்த ஜன்னல் மூடிவிடும்,
அடுத்த ஜன்னல் இன்னும் உயரத்தில் என்றான்
வியாழக்கிழமைகளில் டொலீடோ நூலகத்துக்கு வரும்
சட்டக் கல்லூரிப் பையன்.
டையை யாரோ கட்டிவிட்டதுபோல் இருந்தது.
"நடந்ததை உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள்."

என் வார்த்தைகளில்:
நான் டீசல் லாரி ஓட்டினேன்.
காந்தஹாரைத் தாண்டிய சாலையில்
முன்னால் போன வண்டி எழும்பி இறங்கியது.
பிரேக்கை மிதித்ததில் என் முதுகில்
எதுவோ இடம் மாறியது, திரும்பி வரவில்லை.
மாத்திரை கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் நிறுத்தினார்கள்.
வலிக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.
பிறகு வாங்கித் தின்றேன்.
யாரிடம் என்று எழுதப் படிவத்தில் கோடு இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பட்டியலில் என் பெயர்.
ஷிமான்ஸ்கி, ஜோலீன்.
கோப்பையில் சிறுநீர் விழுவதைக் கண்ணால் பார்க்க
ஒரு ஆள் நிற்க வேண்டும், விதி.
சார்ஜென்ட் க்ரீர் நின்றாள்,
கழிப்பறைக் கதவைத் தோளால் தாங்கியபடி.
எனக்கு வரவில்லை.
எட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள்.
தண்ணீர்ச் சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
எனக்காக அவ்வளவு பொறுமையாக
அதன்பின் எவரும் காத்து நின்றதில்லை.

உங்களை அறிந்தவர் ஒருவரின் கடிதம் வேண்டும் என்றான் பையன்.
இரண்டு பேர் பதில் போடவில்லை.
ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை.
மிச்சம் க்ரீர்.

டெக்சஸிலிருந்து பழுப்பு உறை வந்தது.
முதல் பக்கம் தட்டச்சு:
நல்ல ஓட்டுநர், நேரம் தவறாதவள்,
புழுதிக் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு டயர் மாற்றியவள்.
இரண்டாம் பக்கம் கையெழுத்தில்:
"முதல் இரண்டு மாத்திரை என் பையிலிருந்து நான் கொடுத்தவை.
என் பெயர் பட்டியலில் வந்த மாதம் நான் சுத்தமாக இருந்தேன்,
உனக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.
ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.
இந்தப் பக்கத்தை வைப்பதோ எடுப்பதோ உன் பாடு."

மறந்துவிட்டிருந்தேன் என்றால் பொய்.
கோபப்படும் அளவுக்கு அதை எடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.
பையன் படித்தான். காது சிவந்துவிட்டது.
"இது பலமான ஆதாரம், மேடம்.
இது இருந்தால் நாம் ஜெயிக்கலாம்."
நாம்.

ஜெயித்தால் என்ன என்று இரவு கணக்குப் போட்டேன்.
முதுகுக்கு ஒரு டாக்டர்.
வீட்டுக்கடன், குறைந்த வட்டியில்.
வேலைக்கு மனுப்போடும்போது
அந்த ஒரு கேள்விக்கு எதிரே பேனா நிற்காமல் நகரும்.
பக்கத்தை உள்ளே வைத்தேன். எடுத்தேன்.
காபி ஆறியது. மறுபடி வைத்தேன்.
அவளுக்கு போன் செய்திருக்கலாம்.
இரண்டு பேரும் என்ன பேசுவோம்?
குழாயைத் திறந்துவிட யாரும் இல்லை.

தபால் நிலையத்தில் உறையைத் தராசில் வைத்தேன்.
அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமலே
எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்:
"உடையக்கூடியது, திரவம், கெட்டுப்போவது,
ஆபத்தானது ஏதாவது உள்ளே இருக்கிறதா?"
எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.
கோட்டுப் பைக்குள் கையை விட்டேன்,
நான்காக மடிந்து அது அங்கேதான் இருந்தது.
இல்லை என்றேன்.

பதில் வர ஒன்றரை வருடம் ஆகலாமாம்.
வெளியே கூரைப் பனி உருகித்
தகரக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது.
லாரியில் ஏறாமல் கொஞ்ச நேரம்
அந்தச் சத்தத்தின் பக்கத்தில் நின்றேன்.