முதல் வலி: மணி, நிமிடம்

காரையெலும்புக்கு மேலே ஊசி நிற்கிறது.
திரையில் நாடி துடிக்க, அதன் பக்கத்தில்
நாவற்பழக் கொத்தாய் நரம்புகள்
திரவத்துக்கு மெல்ல இடம்விடுகின்றன.
ஊசிக்குழலில் மருந்தின் பெயர் இல்லை,
'ஆ' என்றொரு ஒட்டுத்தாள் மட்டும்.
பியூபிவகெயினா, ரோபிவகெயினா?
பதில் அலுமாரிக்குள், ஒட்டிய உறையில்.
எனக்குத் தெரியக்கூடாது. எமிலியானுக்கும்.

பஞ்சிகாவத்தையில் எஞ்சின் இறக்குகிறவர்.
சங்கிலி நழுவி முன்கையில் இரண்டு எலும்பும் போயிற்று.
லிக்னோகெயின் என்றால் பத்து நிமிடத்தில் வந்து
பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்னமே போய்விடும்.
இவை ஆறுதலாய் வருகிறவை,
வந்தால் இரவு தங்குகிறவை.
எது கூடத் தங்கும், எது விரல்களை முதலில் விடும்
என்பதுதான் என் ஆய்வு.
இவர் நாற்பத்தோராவது கை.

ஐந்து நிமிடம். ஐஸ் குளிருதா? குளிருது.
பத்து. கட்டைவிரலில் இல்லை, சின்னவிரலில் இன்னும்.
பதினெட்டு.
"டொக்டர், ஏன் என் கையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"
ஒருவரும் பிடிக்கவில்லை.
கை பலகையில் கிடக்கிறது, மஞ்சள் மருந்து பூசி.
அவருக்கு மட்டும் அது நெஞ்சுக்கு மேலே
இன்னும் சங்கிலியைப் பிடித்தபடி.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

பிறகு இரண்டு தகடு, பன்னிரண்டு ஸ்குரூ.
துளைக்கிற சத்தத்துக்கு மேலால்
கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்.

இரவு வார்டில் மழை ஒழுகியதாம்.
தாதி ஹேமமாலி மணிக்கொரு தரம் டோர்ச்சோடு வந்து
"ரிதெனவாத?" என்று கேட்டிருக்கிறா.
நே. நே. நே.
விடிய ஐந்து இருபதுக்குத்தான் ஒரு ஓவ்.
பதினேழு மணித்தியாலம் ஐம்பது நிமிடம்.
அந்த நிரலில் இதுவரை ஆகக் கூடியது.
நான் சந்தோஷப்பட்டேன், மறைக்க ஒன்றுமில்லை.

"உள்ளதச் சொன்னா ரெண்டு மணிக்கே வந்திருச்சி," என்றார்,
இடக்கையால் பாணைத் தோய்த்துக்கொண்டு.
"பக்கத்துக் கட்டில் பையன் அப்பதான் தூங்கினான்.
அந்தப் புள்ளயும் தனியா முப்பது பேரப் பாக்குது.
அதோட..."
வாயில் இருந்ததை விழுங்கினார்.
"கை திரும்பி வந்திச்சே,
கொஞ்ச நேரம் நான் மட்டும் வச்சிருக்கணும் போல இருந்திச்சி."

5.20ஐ வெட்டினேன்.
2.00 என்று எழுதிப் பக்கத்தில் ஒப்பம் வைத்தேன்.
மற்ற நாற்பது பேரிடமும்
நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.