இரண்டு நாள் மூச்சு

பெங்களூரிலிருந்து கூப்பிடுகிற பையன்
என்னை மிஸ்டர் ஏகவல்லி என்கிறான்.
மூன்றாவது தடவை. திருத்துவதை விட்டுவிட்டேன்.
இன்றைக்குள் கட்டினால் பதினைந்து சதவீதம் தள்ளுபடியாம்.
போன வெள்ளிக்கிழமையும் இன்றைக்குள்தான்.

எம்எஃப்எல் சந்திப்பில்
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிற்கிறது பஸ்.
முன்னால் எத்தனை என்று எண்ணுவேன், தொழில் புத்தி.
இருபத்திரண்டு.
ஏழு மணி நேரலை வகுப்பு தொடங்கும்போது
சாத்தாங்காடுகூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

மூன்று கல்லூரிகளை எக்ஸெல்லில் போட்டிருக்கிறேன்.
ஒன்று நாலு லட்சத்து இருபதாயிரம், வட்டியில்லாத் தவணை.
வட்டி கட்டணத்துக்குள்ளேயே படுத்திருக்கிறது,
பிரித்துப் பார்த்துவிட்டேன்.
இன்னொன்று தொண்ணூறாயிரம், தபாலில் புத்தகம்,
இணையதளம் பத்து நாளாகப் பராமரிப்பில்.
மூன்றாவதில்
ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கடைசி செமஸ்டரில் விருப்பப் பாடம்.
இருபது பேர் சேர்ந்தால் நடத்துவார்கள்.

ஒன்பது வருடமாக மணலி யார்டில்
ஷட்டவுன் அட்டவணை போடுகிறேன்.
எந்த வால்வை எப்போது கழற்றுவது,
எந்த கிரேன் எந்த ஷிப்டில்,
கேஸ்கெட் வராவிட்டால் எதை முன்னால் இழுப்பது.
சம்பளச் சீட்டில் நான் டேட்டா என்ட்ரி.
அட்டவணைக்குக் கீழே கையெழுத்து
சித்தாந்த் என்கிற இருபத்தேழு வயதுக்காரருடையது.
கெட்டவர் இல்லை. ஒருநாள் கேட்டார்,
"மேடம், இந்த ஃப்ளோட் எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"
எம்பிஏவில் சொல்லித்தரலையா என்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டுச் சொன்னேன்:
எத்தனை நாள் தள்ளிப்போனாலும் முடிவுத் தேதி அசையாதோ
அத்தனை நாள், சார்.
ரிக்கர் மஸ்தான் பாய்க்கு அது ஃப்ளோட் இல்லை.
"இந்த வேலைக்கு எவ்ளோ மூச்சு இருக்கும்மா?" என்பார்.

ராத்திரி என் இரண்டு வருடத்துக்கு ஒரு அட்டவணை போட்டேன்.
யார்டு பச்சைப் பட்டை, வகுப்பு நீலம்,
மோனிஷாவின் பத்தாம் வகுப்புப் பரீட்சை மஞ்சள்.
ஐந்தாம் தேதிதோறும் தவணைக்குச் சிவப்புப் புள்ளி,
இருபத்துநாலு புள்ளி, அம்மை போட்டதுபோல.
துறைமுகத்திலிருந்து டிரெய்லரை விட்டுவிட்டு வந்த ஜெயசீலன்
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"இதுல நான் எங்க?"
வெள்ளையா இருக்கிற இடமெல்லாம் நீங்கதான் என்றேன்.
சிரிக்கவில்லை.
சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்,
"டிசம்பர்ல ஒரு வாரம் விடு.
எண்ணெய் மிதந்த தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சே, மறந்துட்டியா."
விட்டேன்.
கூட்டிப் பார்த்தால் மொத்த மூச்சு
இரண்டு நாள்.

பெங்களூர்ப் பையனிடம் ஒரே கேள்வி:
தவறவிட்ட வகுப்பின் பதிவு எத்தனை நாள் இருக்கும்?
டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்.
மூன்றாவது கல்லூரியில் ஒரு பெண் எடுத்தாள். இருமினாள்.
"கோர்ஸ் முடியிற வரைக்கும் இருக்கும்.
பரீட்சைக்கு மட்டும் நேர்ல வரணும், ராயபுரம்."
இருபது பேர் சேரலைன்னா?
"சேரலைன்னா ஹெச்ஆர்தான்மா."
வேறு எதையும் அவள் விற்கவில்லை.
அபாயப் பட்டியலின் முதல் வரியில் அதை எழுதிக்கொண்டேன்.
இன்னும் பத்தொன்பது பேர் வேண்டும்.
சித்தாந்திடம் கேட்க முடியாது, அவர் முடித்துவிட்டார்.

காலை நாலு ஐம்பது.
கட்டணப் பக்கத்தில் கார்டு எண் போட்டு முடித்த நேரம்
தெருப் பம்பில் தண்ணீர் வந்துவிட்டது.
ஓடிபிக்கு மூன்று நிமிடம், பம்புக்கு முப்பது.
எது முதலில் என்று எனக்குத் தெரியாதா.
எட்டுக் குடம். ஒன்பதாவது பக்கத்து வீட்டுக்கு,
அவளுக்கு நைட் ஷிப்ட்.

திரும்பி வந்தால் நேரம் கடந்துவிட்டது என்கிறது திரை.
மறுபடி அனுப்பவா என்று கேட்கிறது.
அழுத்துகிறேன். ஈர விரலை ஏற்கவில்லை.
நைட்டியில் துடைத்துக்கொண்டு
இன்னொரு தடவை.