ஓட்டை

வடக்கு டகோட்டா. அக்டோபரிலேயே பனி.
ஜீப்பில் எழுபது மைல், நாற்பத்தொரு தபால்பெட்டி.

டெலோரிஸின் உறையில் தபால்தலை இல்லை.
செல்லோடேப்பின் கீழே சில்லறை,
அதிலும் ஒரு காசு குறைவு.
அஞ்சலகம் போய்வரப் பெட்ரோலுக்கு
அதைப்போல் முப்பது மடங்கு ஆகும்.
கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு வைத்திருந்த சுருளில்
ஒன்றைக் கிழித்து ஒட்டினேன்.
விதிப்படி தப்பா என்று யாரையும் கேட்கவில்லை.

ஆர்விட்டுக்குக் கண் தெரியாது.
நான்கு தேர்தலாய் அவர் சொல்ல நான் குறித்தேன்,
சமையல் மேசையில்,
வெளியே எஞ்சினை அணைக்காமல்.
ஒருமுறை எனக்குப் பிடிக்காத பெயரைச் சொன்னார்.
பேனா ஒரு நொடி நின்றது.
அது நின்றது அவருக்குக் கேட்டிருக்கும்.

இந்த வருடம் உறையின் மூலையில்
தபால்தலை தேவையில்லை என்று அச்சிட்டிருக்கிறது.
உள்ளே, பெயருக்குப் பெயர் மேடு வைத்த அட்டை.
கையெழுத்துப் போடும் இடத்துக்கு இருபுறமும்
துளைத்த சிறு ஓட்டை.

என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டு,
விரலால் தடவித் தடவி
ஓட்டைப் போட்டார் ஆர்விட்.
கண்ணாடிக் கதவில் என் மூச்சுதான் படிந்தது.

உறையை வாங்கிப் பையில் வைத்தேன்.
யாருக்கு என்று தெரியாமலே
மூன்று மைல் ஓட்டினேன்,
அடுத்த பெட்டிவரை.